திரை வெளுத்தால் திரையைத் திட்டாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, என் அண்ணன் மகன் ஒரு பிஸ்கட் டின்னுடன் வாசலில் வந்து நின்றான். டின்னைத் திறந்தால் நின்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவி, ஊதா நிறக் கேம்பாய் அட்வான்ஸ் ஒன்று, குடலை வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தது. பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 80 மலேசிய வெள்ளிக்குப் பேரம் பேசி வாங்கினானாம். அதில் போடுவதற்காக பின்விளக்கு உள்ள ஐபிஎஸ் வகைப் புதிய திரை ஒன்றை இணையத்தில் வரவழைத்திருக்கிறான். மாட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"அத்தை, விற்றவன் பழுதான திரையை அனுப்பிவிட்டான்."

"பழைய திரை எரிந்ததா?"

"அதைப் பார்க்கவில்லை."

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ரீவொர்க் மேசையில் 19 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். 1972இல் அங்கே தடையற்ற வணிக வலயம் தொடங்கி, சில ஆண்டுகளில் என் பெரியம்மா ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பின்னாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் உள்ளே போனேன். ரீவொர்க் மேசைக்கு வருவதெல்லாம் பழுதான போர்டுகள்தாம். அவற்றில் பாதிக்கு மேல் பாகத்தின் குற்றமாக இருக்காது. சரியாகப் பதியாத கேபிள், தூசி, ஒட்டாத சோல்டர் (பாகங்களைப் போர்டில் ஒட்டும் ஈயப் பற்று), அவசரம். அண்ணன் மகனின் டின்னிலும் அதே கதைதான் இருந்தது. அன்றிரவு அவனுக்குச் சொன்னதையும், அவன் கேட்காமல் போனதால் மறுவாரம் மீண்டும் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

கேம்பாய் அட்வான்ஸ் 2001இல் வந்தது. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி ஆட வேண்டும். அதனால்தான் இன்றும் ஆட்கள் அதைத் திறந்து வெளிச்சமுள்ள திரையை மாட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது நல்ல வேலை. சோல்டர் தொடாமலே முடித்துவிடலாம். ஆனால் தவறு செய்ய ஏழெட்டு இடங்கள் உண்டு.

கை வைக்கும் முன்

சரக்கு வந்ததும் முதலில் சோதி, பிறகு கை வை. தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பழைய திரையோடு, நல்ல பேட்டரி போட்டு, வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் ஆட்டக் கேசட்டைச் செருகி, பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள், ஒலிச் சக்கரத்தைச் சுற்றுங்கள், பவர் சுவிட்சை லேசாக ஆட்டிப் பாருங்கள். எது ஏற்கெனவே கெட்டிருந்தது என்று தெரியாமல் திறந்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு கோளாறும் நீங்கள் செய்ததா, முன்பே இருந்ததா என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பின்பக்கத்தில் மூன்று கால் கொண்ட ட்ரை-விங் திருகாணிகள் ஆறு, பேட்டரிக் குழிக்குள் சாதாரணக் கூட்டல் குறித் திருகாணி ஒன்று இருக்கும். உள்ளே போர்டைப் பிடித்திருப்பவை மூன்று. ட்ரை-விங் திருப்புளியை மட்டும் நல்லதாக வாங்குங்கள். திரைப் பெட்டியோடு இலவசமாக வருவது பெரும்பாலும் மெழுகால் செய்ததுபோல் மழுங்கிவிடும், மழுங்கும்போது திருகாணியின் தலையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மலிவான மல்டிமீட்டர் ஒன்று போதும். சாமணம், பஞ்சுக் குச்சி, மஞ்சள் நிற வெப்பம் தாங்கும் டேப் ஆகியவை வேண்டும். 99 விழுக்காடு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் வேண்டும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 விழுக்காடுதான், மீதி தண்ணீர். காயத்துக்கு அது சரி, போர்டுக்குச் சரியில்லை.

திருகாணிகளைப் போட முட்டை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். என் அண்ணன் மகன் எடுக்கவில்லை. தோள்பட்டைப் பொத்தானின் சிறு ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று இருவரும் அரை மணி நேரம் தர்க்கம் செய்தோம்.

நிலைமின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கின் புழுக்கம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நண்பன், ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. ஆனால் ஏர்கான் அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்தால் கதை வேறு. போர்டைத் தொடும் முன் ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

உயிரே இல்லை என்றால்

பேட்டரியிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். திரையிலிருந்து தொடங்கி வெளியே வராதீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் கடைசியாக மாட்டியதைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள்.

முதலில் புதிய திரையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிப் பாருங்கள். பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இதை மறக்காதீர்கள். பழைய திரை எரிந்தால் கருவி பிழைத்துவிட்டது, தேடல் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் வேலை முழுவதும் முடியும்வரை பழைய திரையைத் தூக்கி எறியாதீர்கள்.

அதுவும் எரியவில்லையா? பேட்டரிக் குழியின் தகடுகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எப்போதோ அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிந்தது காரம். அதனால் காடியில் (வினிகர்) நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் நுரைத்துக் கரையும். எலுமிச்சைச் சாறும் செய்யும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். காடியை அப்படியே விட்டுவிட்டால் அது தன் பங்குக்கு அரிக்கத் தொடங்கும். கடற்கரை ஊரில் பத்து இருபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கருவிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

தகடு சுத்தம் என்றால் ஃபியூஸ். போர்டில் எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பக்கத்தில் அச்சிட்ட சிறிய பாகம் அது. பேட்டரி இல்லாமல், மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். பீப் ஒலி வந்தால் நல்லது. வராவிட்டால் போய்விட்டது. அதே அளவில் வேறொன்றைத்தான் போட வேண்டும். அலுமினியத் தாளையோ கம்பித் துண்டையோ போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ஃபியூஸ் போனது ஏதோ ஒரு காரணத்தால். அந்தக் காரணம் இன்னும் உள்ளேயே இருந்தால் அடுத்துக் கருகப்போவது சிப்பு. நானே ஒரு முறை, கண் அசந்த நேரத்தில், பேட்டரி போட்டிருக்கும்போதே, திரையைப் போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைக் கோணலாகச் செருகி ஃபியூஸைப் பறிகொடுத்தேன். 19 ஆண்டு அனுபவம் அந்த ஒரு நொடியில் எங்கே போனதோ!

வெளிச்சத்தைக் கூட்டினால் செத்துப்போகிறது

டின்னில் வந்த கருவிக்கு உண்மையான நோய் இதுதான். பழைய திரையைப் போட்டால் எரிந்தது. புதியதைப் போட்டால் ஒரு நொடி மினுங்கி அணைந்தது. திரை பழுது என்று யாருமே சொல்லிவிடுவார்கள். திரை பழுதில்லை. பவர் சுவிட்ச் அழுக்கு.

சுவிட்சுக்குள் ஓர் உலோகத் தகடு இன்னொன்றின் மேல் வழுக்கித் தொடுகிறது. ஆண்டுக்கணக்கில் அதன் மேல் கருப்பு படிந்து தடையாகிவிடும். பழைய திரை கொஞ்சம் மின்சாரம்தான் கேட்கும், அந்தத் தடையைத் தாண்டியும் போதுமான அளவு வந்து சேரும். ஐபிஎஸ் திரைக்குப் பின்விளக்கு இருப்பதால் கூடுதலாக இழுக்கிறது. இழுப்பு கூடக் கூட, தடையில் இழக்கும் வோல்டேஜும் கூடும். பாதி அடைத்த குழாயில் ஒரு வாளி நிரப்பலாம், இரண்டு குழாய்களைத் திறந்தால் இரண்டிலும் சொட்டுத்தான் வரும்.

கண்டுபிடிப்பது எளிது. கருவி ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். பிறகு சுவிட்சைத் தாண்டிய பக்கத்தில் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அவன் கருவியில் முன்னே 2.9, பின்னே 2.4. அரை வோல்ட்டை ஒரு சுவிட்ச் விழுங்கிக்கொண்டிருந்தது!

சுவிட்சின் இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, பேட்டரி இல்லாமல், முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். காயவிடுங்கள். இன்னொரு முறை செய்யுங்கள். எனக்கு மூன்றாவது முறையில் சரியானது. அதற்கும் அசையாவிட்டால் சுவிட்சையே மாற்ற வேண்டும். அது சோல்டர் வேலை, முதல் கருவியில் வேண்டாம்.

பேட்டரியையும் கவனியுங்கள். அல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2. இரண்டு போட்டால் 3.0க்குப் பதில் 2.4. சார்ஜ் பேட்டரி போட்டவர்களுக்கு, பேட்டரி தீர்கிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு சீக்கிரமே எரிந்து பயமுறுத்துவது இதனால்தான். பெரும்பாலும் அது கோளாறு அல்ல, கணக்கு.

வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, காய்ச்சல் கண்ட நிறம்

ஒலி வருகிறது, திரை முழுக்க வெள்ளை. பின்விளக்கு எரிகிறது, படம் வந்து சேரவில்லை என்று பொருள். ரிப்பன் கேபிளைப் பாருங்கள். கேம்பாய் அட்வான்ஸ் போர்டுகளில் 32 முனை, 40 முனை என்று இரண்டு வகை உண்டு, பல திரைப் பெட்டிகளில் இரண்டுக்கும் கேபிள் வைத்திருப்பார்கள். பழைய கேபிளின் முனைகளை எண்ணிப் பார்த்து அதற்கு உரியதை எடுங்கள்.

கேபிளைப் பிடிக்கும் பூட்டு இருபுறமும் சிறு காதுகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம். நகத்தால் இரு காதுகளையும் ஒரே நேரத்தில் மெல்லத் தள்ளினால் ஒரு மில்லிமீட்டர் போல நகரும், கழன்று வராது. கேபிளை நேராக, அடிவரை செலுத்தி, பிறகு சட்டத்தை மூடுங்கள். ஒரு முனை உள்ளேயும் மறுமுனை அரை மில்லிமீட்டர் வெளியேயும் இருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கருவிக்குத் தெரியாது. கேபிளில் தெரியும் தங்கநிறக் கோடு சட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு காது உடைந்துவிட்டால் அழ வேண்டாம். கேபிளின் பின்புறம் வெப்ப டேப்பை ஒன்றிரண்டு மடிப்பு ஒட்டித் தடிப்பாக்கினால் இறுக்கமாக நிற்கும். தொழிற்சாலையில் இப்படிச் செய்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போதும்.

நிறக் கோளாறு எனக்குப் பிடித்தமான கோளாறு, அது தானே வந்து காரணத்தைச் சொல்லும். இந்தக் கருவி சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கம்பிகள் வழியாகத் திரைக்குச் செய்தி அனுப்புகிறது. அதனால்தான் 32,768 நிறங்கள். படம் அசையாமல், வடிவம் கெடாமல் நின்று, நிறம் மட்டும் மஞ்சள்காமாலை வந்ததுபோல் இருந்தால், அந்தப் பதினைந்தில் ஏதோ ஒன்றிரண்டு தொடவில்லை. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிளை எடுத்து, முனைகளை ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் செருகுங்கள். நிறம் சரியாக இருந்து படம் உருண்டாலோ நடுங்கினாலோ, நேரத்தைக் காக்கும் கம்பிகள் தொடவில்லை. மருந்து அதேதான். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் பதற்றம் குறையும்.

முழுக் கறுப்பு, ஆனால் ஒலி வருகிறது என்றால் இருட்டறையில் வைத்துப் பாருங்கள். மங்கலாகவேனும் வெளிச்சம் தெரிந்தால் ஒளி அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். துளியும் இல்லையென்றால் மீண்டும் கேபிள்தான்.

கேசட்டையும் ஒரு முறை சந்தேகியுங்கள். 1989இல் வந்த முதல் கேம்பாய், கேசட்டிலுள்ள நின்டெண்டோ சின்னத்தைப் படித்துத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்கும். கேசட் இல்லாமலோ, அழுக்கால் படிக்க முடியாமலோ போனால், சின்னம் இறங்கி வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டை இறங்கி வந்து நின்றுவிடும். அதைப் பார்த்து அலறுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல செய்தி, கருவி உயிரோடு இருக்கிறது. கேசட்டின் முனைகளை ஆல்கஹாலால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். நாங்கள் எல்லாரும் ஊதித்தான் வளர்ந்தோம் என்பது வேறு விஷயம்.

சோல்டர் வைத்த பிறகு வந்த பேய்

ஐபிஎஸ் திரையின் வெளிச்சத்தைப் பொத்தான்களால் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் பல திரைகளில் மூன்று கம்பிகளைப் போர்டில் ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டிய புள்ளிகளின் பெயர் போர்டில் இருக்கும்: செலக்ட் பொத்தானுக்கு டிபி 2, வலது தோள்பட்டைப் பொத்தானுக்கு டிபி 8, இடதுக்கு டிபி 9. இது கட்டாயமில்லை, இல்லாமலும் திரை எரியும். முதலில் ஒட்டாமல் மூடி ஒரு வாரம் ஆடுங்கள் என்றேன். யார் கேட்டது?

மறுவாரம் வந்தான். ஆட்டத்தில் செலக்ட் பொத்தான் தானாகவே அழுந்திக்கொண்டே இருந்தது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்தக் கருவியில் பொத்தானை அழுத்துவது என்றால் அந்தக் கோட்டைத் தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தோடு, சேர்ப்பது. உங்கள் சோல்டர் துளி பக்கத்திலிருக்கும் தரைப் பகுதியைத் தொட்டால், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கருவி நினைக்கும். மல்டிமீட்டரில் டிபி 2க்கும் தரைக்கும் பீப் ஒலி வந்தது. சோல்டர் நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸ் தடவிச் சூடான முனையால் ஒரு தொடுதல், துளி தனியே பிரிந்தது.

இந்தப் போர்டுகள் ஈயம் கலந்த சோல்டர் காலத்தவை. வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயமில்லாதது ஏறக்குறைய 217இல். அயர்ன் முனையை 320 முதல் 350 டிகிரிவரை வைத்து, இரண்டு நொடிக்குள் வேலையை முடித்துக் கையை எடுங்கள். ஒட்டவில்லை என்று அங்கேயே அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள், செப்புத் தகடே பெயர்ந்து வந்துவிடும். ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு போதாமை இல்லை, ஃப்ளக்ஸ் போதாமை. அவன் ஃப்ளக்ஸே இல்லாமல் ஒட்டியிருந்தான். அந்த மூன்று புள்ளிகளும் எலிப் புழுக்கை மாதிரி இருந்தன. நல்ல ஒட்டு வழவழப்பாக, ஓரத்தில் சரிந்து படிந்திருக்கும். ஈயம் தொட்ட கையோடு பிஸ்கட் டின்னுக்குள் கை விடாதீர்கள், முதலில் கழுவுங்கள்.

ஒலியே இல்லை என்றால் ஸ்பீக்கர் கம்பி அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொட்டால் மெல்லிய கீறல் ஒலி கேட்க வேண்டும். கரகரப்பு என்றால் ஒலிச் சக்கரத்தில் அழுக்கு, சுவிட்சுக்குச் செய்ததையே இதற்கும் செய்யுங்கள்.

மூடும்போது

திருகாணி போடும் முன் பேட்டரிக் குழியை மட்டும் பொருத்திப் பிடித்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். திறந்திருக்கும்போது ஓடி, மூடியதும் செத்தால் காரணம் மூடியதில்தான் இருக்கிறது. மேலுறையின் பவர் தள்ளுகட்டை, போர்டிலுள்ள சுவிட்ச் முளையின் மேல் சரியாக உட்காரவில்லை. இரண்டும் ஒரே பக்கம் தள்ளப்பட்டிருக்க வேண்டும். அல்லது ரப்பர் மெத்தை முளையிலிருந்து நழுவியிருக்கிறது, அதனால் ஏ பொத்தான் மட்டும் செத்திருக்கிறது. அல்லது கேபிள் மடிந்து அகப்பட்டிருக்கிறது.

சில திரைகளுக்குப் பழைய உறையின் உட்புற விளிம்பைக் கத்தியால் சீவ வேண்டும். சீவாமல் அழுத்தி மூடினால் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும், திருகாணியை இறுக்கும்போது அது பெரிதாகும். அதற்கு மேலும் இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். திருகாணியைப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள், பழைய பள்ளத்தில் டக் என்று விழும். பிறகு முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் புதுப் பள்ளம் போட்டால் இரண்டாவது தடவைக்குப் பிடிமானம் இருக்காது.

லித்தியம் பேட்டரியும் யுஎஸ்பி துளையும் வைக்கலாமா என்று அவன் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறான். அந்தப் பேட்டரியைத் திருகாணி குத்தினால் ஃபியூஸ் போல அமைதியாகச் சாகாது, தீப்பிடிக்கும். இன்னும் ஐந்து கருவியைச் சோல்டர் பிழையில்லாமல் முடித்துக் காட்டு, பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு முடித்திருக்கிறான். மூன்றாவது, பேட்டரி கசிந்த பச்சை நிறக் கருவி, இப்போது என் மேசையில் பிரித்துக் கிடக்கிறது. அதன் தகடுகளைக் காடியில் ஊறவைக்க அவன் எடுத்திருப்பது நான் சாம்பார் ஊற்றும் கிண்ணம்.

"தம்பி, அந்தக் கிண்ணம் இனி உன்னுடையது. சொந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ."